வேலையை விடுவதற்கு முன்னால்: மருத்துவமனைப் பணியில் பர்ன்அவுட் வந்தால் எதை முதலில் செய்வது

கோயம்புத்தூரில் ஒரு தனியார் மருத்துவமனையின் ஐ.சி.யூ.வில் நான்கு வருடம் ஸ்டாஃப் நர்ஸாக இருந்தேன். சொந்த ஊர் கோபி பக்கம். ஒருநாள் நைட் டியூட்டி முடிந்ததும் ஹாஸ்டலுக்குப் போகாமல் நேராகக் காந்திபுரம் போய்க் கோபி பஸ் ஏறிவிட்டேன். லீவ் லெட்டர் கொடுக்கவில்லை. இன்சார்ஜுக்கு ஒரு போன்கூடப் பண்ணவில்லை. அதன்பிறகு வேலைக்குத் திரும்பவே இல்லை. எனக்கு வந்திருந்தது பர்ன்அவுட், அதாவது வேலை அழுத்தத்தால் உடம்பும் மனசும் வற்றிப்போகும் நிலை.

சொல்லாமல் போனதால் என் ரெக்கார்டில் 'அப்ஸ்காண்ட்', அதாவது சொல்லாமல் ஓடியவர், என்று எழுதிவிட்டார்கள். எக்ஸ்பீரியன்ஸ் சர்டிபிகேட் கைக்கு வர ஐந்து மாதம் ஆனது. இ.எஸ்.ஐ.யில், அதாவது தொழிலாளர் அரசுக் காப்பீட்டில், வந்திருக்க வேண்டிய பணம் வரவில்லை. உடம்பும் மனசும் தேறியதற்கு அப்புறமும் காகித வேலை முடியாமல் அலைந்துகொண்டிருந்தேன்.

டாக்டரைப் பார்த்தது, ரத்தப் பரிசோதனை செய்தது, வீட்டில் சொன்னது, லீவுக்கு வழி தேடியது எல்லாமே நானும் செய்தேன். வேலையை விட்ட பிறகு செய்தேன், அதுதான் தப்பாகிப்போனது. ஈரோடு, திருப்பூர், நாமக்கல், கரூர் பக்கத்திலிருந்து முதல் வேலைக்குக் கோவை வரும் தங்கைகளை நினைத்துத்தான் இதை எழுதுகிறேன். லேப் டெக்னீஷியன், 108 ஆம்புலன்ஸ் பணியாளர், ஹவுஸ் சர்ஜன் யாராக இருந்தாலும் பெரும்பாலும் இதே வழிதான்.

படிகளுக்குப் போகும் முன் ஒன்று. 'செத்துப்போனால் தேவலை' என்ற எண்ணம் வந்துகொண்டிருந்தால் கீழே உள்ள வரிசையெல்லாம் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். அன்று டியூட்டிக்குப் போகாதீர்கள், தனியாக இருக்காதீர்கள். ரூம்மேட்டிடமோ வீட்டிலோ வாய்விட்டுச் சொல்லுங்கள். 14416 எண்ணுக்கு அழையுங்கள். அது டெலி மானஸ் என்ற அரசு சேவை, இலவசம், ராத்திரி பகல் எந்நேரமும் உண்டு, தமிழில் பேசலாம். தமிழ்நாட்டின் 104 எண்ணிலும் பேசலாம்.

1. வெறும் களைப்பா, அதற்கு மேலா என்று பாருங்கள்

சாதாரணக் களைப்பு என்றால் இரண்டு நாள் ஆஃப் கிடைத்து, ஊருக்குப் போய், அம்மா கையால் அரிசிம்பருப்பு சாதம் சாப்பிட்டுத் தூங்கி எழுந்தால் போய்விடும். இது அப்படிப் போகாது. திங்கட்கிழமை பஸ் ஏறும்போதே நெஞ்சில் கல் வைத்த மாதிரி இருக்கும்.

உலக சுகாதார நிறுவனத்தின் ஐ.சி.டி-11 என்ற நோய் வகைப்பாட்டுப் பட்டியல் 2022-ல் நடைமுறைக்கு வந்தது. அதில் பர்ன்அவுட்டுக்கு மூன்று அடையாளம் சொல்லியிருக்கிறார்கள். சக்தியெல்லாம் வற்றிப்போவது, வேலையின் மேல் ஒட்டுதல் விட்டுப்போவது அல்லது வெறுப்பு வருவது, முன்பு மாதிரி நம்மால் வேலை செய்ய முடியவில்லை என்று தோன்றுவது. வேலையிடத்தில் சரிசெய்யப்படாமலே நீண்டுகொண்டு போகும் அழுத்தத்தால் வருவது என்றும் சொல்கிறார்கள்.

எனக்கு முதல் அடையாளம் காதில் வந்தது. ஹாஸ்டலில் குளிக்கும்போது ஐ.சி.யூ.வில் மருந்து ஏற்றும் இன்ஃபியூஷன் பம்ப்பின் அலாரம் கேட்கும். குழாயை நிறுத்திவிட்டுக் காது கொடுத்தால் ஒன்றும் இருக்காது.

இரண்டாவது, சத்தியமங்கலம் பக்கத்திலிருந்து வந்த ஒரு அக்கா. அவருடைய அப்பா பதினோரு நாளாக வென்டிலேட்டரில் இருந்தார். தினமும் விசிட்டிங் நேரத்தில் மஞ்சப்பையை மடித்துக் கையில் வைத்துக்கொண்டு, "அம்மிணி, எங்கப்பாருக்கு இன்னைக்கு எப்படீங்க இருக்குது?" என்று கேட்பார். முதல் வாரம் நின்று நிதானமாகப் பதில் சொன்னேன். பன்னிரண்டாம் நாள் சார்ட்டிலிருந்து தலையைத் தூக்காமலே, "டாக்டர்கிட்ட கேளுங்க" என்றேன். அவர் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றார். அவருடைய செருப்பில்லாத கால் மட்டும்தான் என் கண்ணுக்குத் தெரிந்தது. அப்போதும் எனக்குள் ஒன்றும் அசையவில்லை. அதை இப்போது நினைத்தால்தான் வலிக்கிறது.

மூன்றாவது, பக்கத்து பெட் நோயாளியின் இன்சுலினை சிரிஞ்சில் ஏற்றிக்கொண்டு வேறொருவரிடம் போய் நின்றேன். குத்துவதற்கு முன்னால் ஜூனியர் சிஸ்டர் பார்த்துத் தடுத்துவிட்டார். அன்றைக்கே நான் இரண்டாம் படிக்குப் போயிருக்க வேண்டும். ஆறு வாரம் தள்ளினேன்.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. ஐ.சி.டி-11 பர்ன்அவுட்டை நோய் என்று சொல்லவில்லை, வேலை சம்பந்தப்பட்ட நிலை என்றுதான் சொல்கிறது. அதனால் மெடிக்கல் சர்டிபிகேட்டில் 'பர்ன்அவுட்' என்று மட்டும் எழுதி வாங்கினால் லீவுக்கு அது எடுபடாமல் போகலாம். மனச்சோர்வு, பதற்றம், தூக்கமின்மை என்று டாக்டர் பரிசோதித்துக் கண்டுபிடிப்பதுதான் காகிதத்தில் செல்லும். ஆகவே டாக்டரிடம் போய், "எனக்கு பர்ன்அவுட்" என்று முடித்துவிடாமல், உடம்பிலும் மனசிலும் நடப்பதை அப்படியே சொல்லுங்கள்.

2. இரண்டு வாரம் ஒரு நோட்டில் எழுதுங்கள்

பத்து ரூபாய்க்கு ஒரு நோட்டுப் புத்தகம் போதும். போனில் எழுதினாலும் சரி, தேதி இருக்க வேண்டும். தினமும் ஐந்து விஷயம்: எந்த ஷிஃப்ட், உள்ளே போன நேரமும் உண்மையில் வெளியே வந்த நேரமும், எத்தனை நோயாளி உங்கள் பொறுப்பில், எத்தனை மணி நேரம் தூங்கினீர்கள், சாப்பிட இடைவேளை கிடைத்ததா. தப்பு நடந்தாலோ, நடக்கப் பார்த்துத் தப்பினாலோ ஒரு வரி. நோயாளியின் பெயர், ஐ.பி. நம்பர் எதுவும் எழுதாதீர்கள். அது இன்னொரு வம்பு.

இந்த நோட்டு பின்னால் மூன்று இடத்தில் உதவும். டாக்டர் கேட்கும் கேள்விக்கு அதிலிருந்து பதில் சொல்லலாம். ரோஸ்டர், அதாவது டூட்டி பட்டியல், பற்றிப் பேசும்போது, 'ரொம்ப டூட்டி போடறீங்க' என்று புலம்பாமல், 'இந்த மாதம் பதினான்கு நைட், நான்கு டபுள் டூட்டி' என்று எண்ணோடு பேசலாம். எனக்கே நான் எவ்வளவு வேலை செய்தேன் என்று தெரிந்தது எழுதிப் பார்த்த பிறகுதான்.

இரண்டு வாரம் முடிந்ததும் பி.எச்.க்யூ-9 என்ற கேள்வித்தாளைப் போட்டுப் பாருங்கள். கடந்த இரண்டு வாரத்தைப் பற்றி ஒன்பது கேள்வி, மொத்தம் 27 மதிப்பெண். தமிழிலும் உண்டு, இலவசம். 10 அல்லது அதற்கு மேல் வந்தால் டாக்டரைப் பார்த்தே ஆக வேண்டும். ஒன்பதாவது கேள்வி உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் பற்றியது. அதில் பூஜ்யம் தவிர எது வந்தாலும் அன்றைக்கே யாரிடமாவது பேசுங்கள். பர்ன்அவுட்டுக்கென்றே கோபன்ஹேகன் கேள்வித்தாள் என்று ஒன்று இருக்கிறது. 19 கேள்வி, அதுவும் இலவசம். 100-க்கு 50-ஐத் தாண்டினால் கவனிக்க வேண்டும். இரண்டுமே நோயை முடிவு செய்பவை அல்ல. டாக்டரிடம் போக வேண்டுமா என்று தெரிந்துகொள்வதற்குத்தான்.

3. ரத்தப் பரிசோதனையை முடித்துவிடுங்கள்

தைராய்டு குறைந்தாலும், ரத்தசோகை இருந்தாலும், பி12 குறைந்தாலும் இதே மாதிரிதான் இருக்கும். ஹீமோகுளோபின், தைராய்டுக்கான டி.எஸ்.எச்., சர்க்கரை, பி12 நான்கும் பாருங்கள். வெளி லேபில் எனக்கு 1,450 ரூபாய் ஆனது. அரசு மருத்துவமனையில் எழுதி வாங்கிப் போனால் செலவில்லை. வேலை செய்யும் இடத்தில் ஸ்டாஃப் தள்ளுபடி இருந்தால் இதற்கு மட்டும் பயன்படுத்திக்கொள்ளலாம்.

4. யாரைப் பார்ப்பது, எவ்வளவு ஆகும்

செலவே இல்லாத வழி அரசு மருத்துவமனை. கோவையில் திருச்சி ரோட்டில் இருக்கும் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. ஈரோட்டுப் பக்கத்தவர்களுக்குப் பெருந்துறை அரசு மருத்துவக் கல்லூரி, நம் ஊர்க்காரர்கள் இன்னும் சானடோரியம் என்று சொல்லும் அதே இடம். மாவட்டத் தலைமை மருத்துவமனைகளில் மாவட்ட மனநலத் திட்டத்தின் கீழ் டாக்டர் இருப்பார். காலையிலேயே போய்விடுங்கள், ஆதார் கையில் இருக்கட்டும். கூட்டம் இருக்கும், அரை நாள் ஒதுக்க வேண்டும். நைட் முடித்த கையோடு போகாதீர்கள். அப்படிப் போனால் பெஞ்சிலேயே தூங்கி, டோக்கனைத் தவறவிட்டுவிடுவீர்கள்.

தனியாரில் மனநல மருத்துவருக்கு முதல் தடவை 700 ரூபாயும் அடுத்த தடவைகளில் 500-ம் கொடுத்தேன். அவர் அனுப்பிய கிளினிக்கல் சைக்காலஜிஸ்டிடம் ஒரு அமர்வுக்கு 1,000 ரூபாய், ஆறு தடவை போனேன். இடத்துக்கு இடம் இது மாறும். போன் செய்து கட்டணத்தை முதலிலேயே கேட்டுவிடுவதில் தப்பில்லை.

இதில் மாட்டிக்கொள்ளக் கூடியவை நான்கு.

நீங்கள் வேலை செய்யும் மருத்துவமனையிலேயே காட்டாதீர்கள். ஃபைலைத் திறந்து பார்க்க எத்தனை பேருக்குப் பாஸ்வேர்டு இருக்கிறது என்று உங்களுக்கே தெரியும். 2017-ம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் உங்கள் சிகிச்சை விவரம் ரகசியமாக இருக்க உரிமை தருகிறது. ஆனால் கேன்டீன் பேச்சைச் சட்டம் வந்து நிறுத்தாது.

'கவுன்சலிங்' என்று போர்டு வைத்தவர்கள் எல்லாரும் படித்தவர்கள் இல்லை. கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் என்றால் இந்திய மறுவாழ்வு கவுன்சிலில், அதாவது ஆர்.சி.ஐ.யில், பதிவு எண் இருக்க வேண்டும். கேளுங்கள். ஒழுங்காகப் படித்தவர் இதற்குக் கோபித்துக்கொள்ள மாட்டார்.

வார்டில் கிடைக்கிறதே என்று தூக்க மாத்திரையைத் தானாகப் போட்டுக்கொள்ளாதீர்கள். கூட வேலை பார்க்கும் டூட்டி டாக்டரிடம் நின்றபடி எழுதி வாங்குவதும் அதே கதைதான். எங்கள் ஹாஸ்டலில் இது சகஜமாக நடந்தது. நல்ல நோக்கத்தோடு, 'இதப் போட்டுட்டுத் தூங்கு' என்று கொடுப்பார்கள். ஒரு மாதத்தில் அது இல்லாமல் தூக்கம் வராது.

மனச்சோர்வு மாத்திரை எழுதிக் கொடுத்தால் இரண்டிலிருந்து நான்கு வாரம் ஆகும், பலன் தெரிவதற்கு. ஐந்தாம் நாள், 'ஒன்றும் ஆகவில்லை' என்று நிறுத்தக் கூடாது. நன்றாக இருக்கிறது என்று ஒருநாள் திடீரென்று நிறுத்துவதும் கூடாது. நோயாளிகளுக்கு எத்தனை தடவை இதைச் சொல்லியிருப்போம். நமக்கு நாம் சொல்லிக்கொள்வதில்லை.

5. லீவை எழுத்தில் எடுங்கள், இ.எஸ்.ஐ.யைக் கேளுங்கள்

இந்தப் படியைத்தான் நான் தொலைத்தேன். அதனால் இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

மாதச் சம்பளம் 21,000 ரூபாய்க்குள் இருந்தால் உங்கள் சம்பளச் சீட்டில் இ.எஸ்.ஐ. பிடித்தம் 0.75 சதவீதம் இருக்கும். அப்படியென்றால் நோய்க்கால உதவித்தொகை உங்களுக்கு உண்டு. ஒரு வருடத்தில் 91 நாள் வரைக்கும் சராசரி தினச் சம்பளத்தில் 70 சதவீதம் வங்கிக் கணக்குக்கு வரும். அதற்குரிய ஆறு மாதப் பங்களிப்புக் காலத்தில் குறைந்தது 78 நாள் பிடித்தம் ஆகியிருக்க வேண்டும். முதல் இரண்டு நாளுக்குப் பணம் கிடையாது.

கணக்குப் போட்டால் இப்படி வரும். 18,000 சம்பளம் என்றால் நாளுக்குத் தோராயமாக 600, அதில் 70 சதவீதம் 420. முப்பது நாள் லீவில் 28 நாளுக்கு 11,760 ரூபாய். ஹாஸ்டல் வாடகை, மாத்திரை, பஸ் காசு, வீட்டுக்கு அனுப்புவதில் ஒரு பங்கு இவ்வளவுக்கும் அது போதும். பணம் இல்லையே என்ற பயத்தில்தான் பலர் லீவே எடுக்காமல் ஓடி ஓடி, ஒருநாள் என்னை மாதிரி பஸ் ஏறிவிடுகிறார்கள்.

செய்ய வேண்டியது: இ-பஹ்சான் என்ற உங்கள் இ.எஸ்.ஐ. அடையாள அட்டையில் எந்த டிஸ்பென்சரி என்று போட்டிருக்கும். அட்டை கையில் இல்லையென்றால் எச்.ஆரில் கேட்டு வாங்குங்கள், அல்லது இ.எஸ்.ஐ. எண்ணை வைத்து இணையத்தில் எடுக்கலாம். அட்டை, ஆதார், பேங்க் பாஸ்புக் முதல் பக்கம், டாக்டர் சீட்டு, ரத்த ரிப்போர்ட் எல்லாவற்றையும் ஒரு ஃபைலில் போட்டுக்கொண்டு டிஸ்பென்சரிக்குப் போங்கள். தேவைப்பட்டால் அங்கிருந்து பெரிய மருத்துவமனைக்கு எழுதி அனுப்புவார்கள். கோவையில் அது சிங்காநல்லூர் இ.எஸ்.ஐ. மருத்துவமனை. ஓய்வு தேவை என்று அவர்கள் தரும் சான்றிதழை வைத்துத்தான் கிளைம். கிளை அலுவலகத்தில் கொடுக்கும் முன் ஒவ்வொரு தாளையும் போனில் படம் எடுத்துவிடுங்கள்.

தனியார் டாக்டரின் சான்றிதழை மட்டும் வைத்துக்கொண்டு போனால் அலைச்சல் அதிகம். எந்த நாளிலிருந்து ஓய்வோ அந்த நாளிலேயே டிஸ்பென்சரிக்குப் போய்விடுங்கள். பத்து நாள் வீட்டில் படுத்துவிட்டுப் போய், "பத்து நாள் முந்தின தேதி போட்டுக் கொடுங்க" என்றால் கொடுக்க மாட்டார்கள். கொடுக்கவும் கூடாது.

அந்த நாட்களில் நீங்கள் உண்மையில் வேலைக்கு வரவில்லை என்று மருத்துவமனையிடம் கேட்டு உறுதிசெய்வார்கள். என் விஷயத்தில், "அவர் சொல்லாமல் போய்விட்டார்" என்று பதில் போனது. அத்தோடு நின்றுபோனது. அதனால் லீவ் லெட்டர் கட்டாயம். மின்னஞ்சலில் அனுப்புங்கள், இன்சார்ஜுக்கும் எச்.ஆருக்கும் சேர்த்து. "உடல்நலக் குறைவால் மருத்துவர் ஆலோசனைப்படி இன்ன தேதி முதல் இன்ன தேதி வரை மருத்துவ விடுப்பு வேண்டுகிறேன், சான்றிதழ் இணைத்துள்ளேன்" என்று மூன்று வரி போதும். முழுக் கதையையும் எழுத வேண்டியதில்லை. வாட்ஸ்ஆப்பில் மட்டும் சொல்வதும், கூட வேலை பார்ப்பவரிடம் சொல்லி அனுப்புவதும் லீவ் லெட்டர் ஆகாது.

சம்பளம் 21,000-ஐத் தாண்டியவர்களுக்கு இ.எஸ்.ஐ. இல்லை. ஆனால் பங்களிப்புக் காலத்தின் நடுவில் சம்பளம் உயர்ந்தால் அந்தக் காலம் முடியும்வரை தொடரும். மற்றபடி மருத்துவமனையின் குரூப் இன்சூரன்ஸ் பாலிசியை வாங்கிப் படியுங்கள். மனநோய்க்கும் காப்பீடு தர வேண்டும் என்று 2017 சட்டம் சொல்கிறது. ஆனாலும் பெரும்பாலான பாலிசிகள் அட்மிஷனுக்குத்தான் பணம் தரும், ஓ.பி.க்கும் கவுன்சலிங்குக்கும் தராது.

அரசுப் பணியில் இருப்பவர்கள் மருத்துவச் சான்றிதழோடு விடுப்பு எடுத்தால், திரும்பச் சேரும்போது தகுதிச் சான்றிதழும் வேண்டும். லீவ் முடியும் முன்பே டாக்டரிடம் அதைச் சொல்லி வையுங்கள்.

6. ரோஸ்டர் பற்றிப் பேசுங்கள்

லீவு மட்டும் போதாது. ஒரு மாதம் ஓய்வெடுத்து அதே ரோஸ்டருக்குள் போய் விழுந்தால் மூன்றாம் மாதம் பழைய இடத்துக்கே வந்துவிடுவோம்.

நர்சிங் சூப்பரின்டெண்டென்ட்டிடம் போகும்போது நோட்டை எடுத்துப் போங்கள். ஒரே ஒரு மாற்றம் கேளுங்கள், பத்து கேட்காதீர்கள். இப்போது வேலை செய்யும் இடத்தில் நான் இப்படித்தான் ஆரம்பித்தேன்: "மேடம், லீவு கேக்க வரலீங்க. ரோஸ்டர்ல ஒண்ணே ஒண்ணு மாத்தித் தர முடியுமான்னு கேக்க வந்தேனுங்க." தொடர்ந்து மூன்று நைட்டுக்கு மேல் வேண்டாம் என்று கேட்டேன். யார் என்னோடு மாற்றிக்கொள்ளத் தயார் என்றும் முன்பே பேசி வைத்துக்கொண்டு போனேன். ஆள் பற்றாக்குறையில் தவிப்பவர் அவரும்தான். பாதி வேலையை நாம் செய்துகொண்டு போனால் அவருக்குச் சரி என்று சொல்வது சுலபம்.

கேட்கத் தகுந்தவை: ஷிஃப்ட் காலை, மதியம், இரவு என்று முன்னோக்கிச் சுழல வேண்டும். இரவிலிருந்து மதியம், மதியத்திலிருந்து காலை என்று பின்னோக்கிப் போட்டால் உடம்பு ஒத்துழைக்காது. மதிய டூட்டி முடித்து மறுநாள் காலை டூட்டி போடுவதை முதலில் நிறுத்தச் சொல்லுங்கள். ஐ.சி.யூ.வில் தொடர்ந்து இருப்பவர்கள் சில மாதம் ஓ.பி.க்கோ டயாலிசிஸுக்கோ மாற்றிக் கேட்கலாம்.

முதுநிலை மருத்துவ மாணவர்களுக்கு ஒரு ஆதாரம் இருக்கிறது. தேசிய மருத்துவ ஆணையத்தின் பணிக்குழு 2024-ல், வாரம் 74 மணி நேரத்துக்கு மேல் வேலை கூடாது, வாரம் ஒருநாள் விடுமுறை வேண்டும் என்று பரிந்துரைத்தது. அதை மேற்கோள் காட்டிப் பேசுங்கள்.

பேசி முடித்ததும் அன்றைக்கே, "இன்று பேசியபடி..." என்று ஆரம்பித்து ஒரு மின்னஞ்சல் போட்டுவிடுங்கள்.

நோயாளியின் ஆட்கள் கை ஓங்கினாலோ கெட்ட வார்த்தை பேசினாலோ அதைக் களைப்போடு சேர்த்து விழுங்காதீர்கள். மருத்துவப் பணியாளர்கள் மீதான வன்முறைக்கு எதிராக 2008 முதல் தமிழ்நாட்டில் தனிச் சட்டம் இருக்கிறது. இன்சிடென்ட் ரிப்போர்ட்டை அந்த ஷிஃப்டிலேயே எழுதுங்கள்.

7. நைட்டுக்குப் பிறகு தூங்கும் வழி

இதற்குப் பணமே தேவையில்லை, ஆனால் எனக்கு அதிகம் உதவியது இதுதான். பவானி ஜமக்காளம் ஒன்று வீட்டில் சும்மா மடித்துக் கிடந்தது. அதை எடுத்து வந்து ஜன்னலில் இரண்டு ஆணி அடித்துத் தொங்கவிட்டேன். அவ்வளவு கனமான துணியைத் தாண்டி வெளிச்சம் வராது, தெருச் சத்தமும் கொஞ்சம் அமுங்கும். அடுத்த ஆஃப் வரைக்கும் பகலில் ஐந்து மணி நேரம் தொடர்ந்து தூங்கினேன். அதற்கு முன் மூன்று மணி நேரம்கூட வராது.

காபியை ராத்திரி இரண்டு மணியோடு நிறுத்துங்கள். காபியில் உள்ள கஃபீன் பாதியாகக் குறையவே சுமார் ஐந்து மணி நேரம் ஆகும். விடியற்காலை ஐந்து மணிக்கு ஃபில்டர் காபி குடித்துவிட்டு ஒன்பது மணிக்குப் படுத்தால் தூக்கம் எப்படி வரும்? இடைவேளையில் இருபது நிமிடம் கண்ணை மூட முடிந்தால் மூடுங்கள், அலாரம் வைத்துக்கொண்டு. நைட் முடித்து அவிநாசி ரோட்டில் ஸ்கூட்டி ஓட்டாதீர்கள். பஸ்ஸில் போங்கள். என் பேட்ச் பெண் ஒருத்தி சிக்னலில் வண்டியோடு சாய்ந்து விழுந்தாள். நல்லவேளை, கை எலும்பு முறிந்ததோடு போயிற்று.

8. வீட்டில் எப்படிச் சொல்வது

ஊர்ப்பக்கம் இது பெரிய தடை. 'நர்ஸ் வேலையே வேண்டாம், வந்துடு கண்ணு' என்று அம்மா சொல்வார். 'மனசு டாக்டர்கிட்டப் போனது வெளியில தெரிஞ்சா மாப்பிள்ளை வீட்டுல என்ன சொல்லுவாங்க' என்று பெரியம்மா சொல்வார். இரண்டுமே அக்கறையில் சொல்வதுதான். நான் முதலில் அப்பாவிடம் மட்டும் சொன்னேன். தோட்டத்தில் தண்ணீர் மாற்றிக்கொண்டிருந்தவர் மண்வெட்டியை வரப்பில் வைத்துவிட்டு உட்கார்ந்து கேட்டார். "ஒரு மாசம் காட்டைத் தரிசு போட்டாத்தான் அடுத்த வெள்ளாமை நல்லா வரும். நீ படுத்துக்க சாமி" என்றார். அப்புறம் அம்மாவிடம் அவரே பேசிக்கொண்டார். வீட்டில் யார் நிதானமாகக் கேட்பாரோ அவரிடம் முதலில் சொல்லுங்கள்.

லீவில் ஊருக்குப் போனால் வீட்டு வேலை, ஒறம்பரை, கல்யாணம், சீர் என்று இன்னொரு டூட்டி ஆரம்பித்துவிடும். ஊரில் யாருக்குச் சர்க்கரை ஏறினாலும் ஊசி போட உங்களைத்தான் கூப்பிடுவார்கள். முதல் பத்து நாள் எந்த விசேஷத்துக்கும் போவதில்லை, யாருக்கும் ஊசி போடுவதில்லை என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

9. அதன்பிறகும் விட வேண்டும் என்றால் இப்படி விடுங்கள்

லீவு முடிந்து, ரோஸ்டர் பேசி, ஒன்றிரண்டு மாதம் பார்த்த பிறகும் மாற்றம் இல்லையென்றால் விலகுவது சரியான முடிவாக இருக்கலாம். நைட் முடிந்த காலையில் மட்டும் அந்த முடிவை எடுக்காதீர்கள். தூங்கி எழுந்து எடுங்கள்.

முதலில் அப்பாயின்ட்மென்ட் ஆர்டரை எடுத்து நோட்டீஸ் காலம் எவ்வளவு, இத்தனை காலம் விலக மாட்டேன் என்ற பாண்ட் இருக்கிறதா என்று படியுங்கள். விலகல் கடிதத்தை மின்னஞ்சலிலும் அனுப்பி, ஒரு நகலில் 'பெற்றுக்கொண்டோம்' என்று சீல் வாங்குங்கள். வெளியே வருவதற்குள் கையில் இருக்க வேண்டியவை: ரிலீவிங் ஆர்டர், எக்ஸ்பீரியன்ஸ் சர்டிபிகேட், கடைசி மூன்று மாதச் சம்பளச் சீட்டு, சேரும்போது ஒரிஜினல் சான்றிதழ் வாங்கி வைத்திருந்தால் அவை. பி.எஃப். யு.ஏ.என். எண்ணும் இ.எஸ்.ஐ. எண்ணும் மாறாதவை. புதிய இடத்தில் அதே எண்ணைக் கொடுங்கள். பி.எஃப். கணக்கில் விலகிய தேதியை மருத்துவமனை ஏற்றியதா என்று பாருங்கள். ஏற்றவில்லையென்றால் கடைசிப் பங்களிப்புக்கு இரண்டு மாதம் கழித்து நீங்களே இணையத்தில் ஏற்றலாம்.

ஒரிஜினல் சான்றிதழைத் தர மறுத்தால் பயந்துவிடாதீர்கள். சான்றிதழ் அடகுப் பொருள் இல்லை. முதலில் எழுத்தில் கேளுங்கள். பதில் இல்லையென்றால் மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் இருக்கும் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குப் போங்கள். பெண்களுக்கு வருமானம் எவ்வளவு என்று பார்க்காமலே அங்கே இலவச சட்ட உதவி உண்டு. 15100 என்ற எண்ணிலும் கேட்கலாம்.

ஏற்கெனவே என்னைப் போல் சொல்லாமல் வந்துவிட்டவர்களுக்கும் வழி இருக்கிறது. டாக்டரின் சான்றிதழோடு எச்.ஆருக்கு ஒரு கடிதம் எழுதி, நோட்டீஸ் காலச் சம்பளத்தைக் கட்டுகிறேன் என்று சொன்னேன். ஒரு மாதச் சம்பளம் போனது, நான்கு தடவை நேரில் போனேன். வேலை செய்த காலத்துக்கு எக்ஸ்பீரியன்ஸ் சர்டிபிகேட் கிடைத்தது.

10. அடுத்த இடத்தில் சேரும்போது கேட்க வேண்டியவை

முதல் வேலைக்குப் போகிறவர்களும் இதைக் கேளுங்கள். மாதத்துக்கு எத்தனை நைட்? ஐ.சி.யூ.வில் ஒரு நர்ஸுக்கு எத்தனை நோயாளி? வென்டிலேட்டர் நோயாளி என்றால் எத்தனை? டபுள் டூட்டி போட்டால் பதில் ஆஃப் உண்டா, எத்தனை நாளுக்குள் கொடுப்பார்கள்? ஹாஸ்டலில் நைட் ஸ்டாஃபுக்குத் தனி அறை உண்டா? டே டூட்டிக்காரரோடு ஒரே அறையில் போட்டால் இரண்டு பேருக்கும் தூக்கம் போய்விடும்.

நேர்காணலில் இதைக் கேட்க எனக்கும் கூச்சமாகத்தான் இருந்தது. இப்போது இருக்கும் கோபி மருத்துவமனையில் சம்பளம் 2,500 ரூபாய் குறைவு. நைட் மாதம் ஆறு. வாயால் சொன்னதை ஆர்டரிலும் எழுதித் தரச் சொன்னேன். ஹெச்.ஆர். கொஞ்சம் யோசித்துவிட்டு உள்ளே போனார், பத்து நிமிடத்தில் திருத்திய தாளோடு வந்தார். அதை வாங்கிப் படித்த பிறகுதான் கையெழுத்துப் போட்டேன்.